கழுவிய கையின் தட்டு

பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் நடத்திய அந்த ஆசிரியைக்கு ‘சோப்பு மேடம்’ என்று பெயர். காதுபடச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். சோப்பைப் பற்றி யாரோ பேசுகிறார்களே என்ற திருப்தி.

வீட்டில் அந்தத் திருப்தி கிடையாது. கணவர் பேருந்து ஓட்டுநர். கணவரின் அக்காவும் அவர்களுடனே இருந்தார். வெளியே போய்விட்டு வந்தால், குழாயடிக்குப் போகாமல் இருவரும் நாற்காலியைத் தொடக்கூட முடியாது.

“ஆபரேஷனா பண்ணப்போறேன்? டிவிதானே பாக்கப்போறேன்” என்பார் நாத்தனார். முணுமுணுத்தபடியே கழுவுவார். மேடத்துக்கும் அவருக்கும் இடையே வேறு பேச்சு அதிகம் இருந்ததில்லை.

முதல் செய்முறை வகுப்பு வருடாவருடம் ஒன்றுதான். கிருமிகளுக்கு உணவாகும் கூழ் உறைந்த தட்டின் ஒரு பாதியில் கழுவாத விரலை ஒற்ற வேண்டும். மறுபாதியில் கழுவித் துடைத்த விரல். மூடி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகி மறுநாள் புள்ளி புள்ளியாகத் தெரியும். கழுவாத பாதியைப் பார்த்து மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். மேடம் சோப்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

அந்த வருடம் கை துடைக்கும் காகிதம் தீர்ந்துபோயிருந்தது. மேடம் வீட்டிலிருந்து துவைத்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். மறுநாள் தட்டுகளைத் திறந்தால், எல்லாவற்றிலும் கழுவிய பாதியில்தான் அதிகம் வளர்ந்திருந்தது.

“அப்ப கை கழுவக் கூடாதா மேடம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். கிண்டல் இல்லை. எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

மேடம் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “தெரியலம்மா. பாப்போம்” என்றார்.

சோப்புக்கு ஒரு தட்டு, குழாய்த் தண்ணீருக்கு ஒன்று, துண்டுக்கு ஒன்று, கழுவித் துடைக்காமல் காயவிட்ட விரலுக்கு ஒன்று. எதுவுமே படாத தட்டு ஒன்றையும் கூட வைத்தார்கள். கூழிலேயே கோளாறு இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் அது சுத்தமாக இருந்தது. சோப்பு, தண்ணீர், காயவிட்ட விரல் தட்டுகளிலும் பெரிதாக ஒன்றும் வளரவில்லை. துண்டின் தட்டு மட்டும் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டார். “துண்டையெல்லாம் நல்லா காயவெச்சுதானே மடிக்கிறீங்க?”

“லேசா ஈரமிருக்கும். அலமாரிக்குள்ள தானா காஞ்சிடும்ல?”

நாத்தனார் டிவியை நிறுத்தினார். அந்த வீட்டில் யார் செத்த சேதி வந்தாலும் அவர் சத்தத்தை மட்டும்தான் குறைப்பார்.

“அப்போ இத்தன வருஷமா கைய கழுவிட்டு, கிருமியிலதான் துடைச்சிருக்கோமா?”

“ஆமா அண்ணி” என்றார் மேடம்.

மறுநாள் வகுப்பிலும் அப்படியே சொன்னார். “துண்டு எங்க வீட்டுது.” யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். சிரித்து முடியும்வரை காத்திருந்துவிட்டு, எதுவும் படாத தட்டை ஏன் வைத்தோம் என்று விளக்கினார். அந்த வருடம் அதை யாரும் மறக்கவில்லை.

விடுமுறை நாளொன்றில் நாத்தனார் ஆய்வகத்துக்கு வந்தார். குற்றவாளியைப் பார்க்க வேண்டுமாம். மேடம் துண்டின் கிருமிக்குச் சாயம் ஏற்றிய கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் பொருத்திக் கொடுத்தார். திராட்சைக் கொத்துபோல ஊதா உருண்டைகள். நாத்தனார் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

“இவ்ளோ அழகா இருக்கே. இதையா விரட்டிக்கிட்டிருந்தே?”

“எல்லாத்தையும் விரட்ட முடியாது அண்ணி. பாதி நம்ம தோல்லயே குடியிருக்கு.”

“வாடகை கொடுக்குதா?”

“ஒரு வகையில. கெட்டது வந்து உக்காராம இடத்த பிடிச்சு வெச்சிருக்கு.”

அதன்பின் மேடம் வேலை முடிந்து வரும்போதெல்லாம் நாத்தனார் கேட்பார்: “இன்னைக்கு என்ன வளந்துது?” மேடம் செருப்பைக் கழற்றியபடியே சொல்ல ஆரம்பிப்பார். ஓட்டுநர் மொட்டைமாடியில் துண்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.