ஐந்தாம் பெஞ்சு ஃபுல்லுங்க டீச்சர்

தேங்காய் எண்ணெயும் புதுப் பனியன் துணியும் கலந்த ஒரு வாடை எங்கள் வகுப்பில் எப்போதும் இருக்கும். காலைப் பிரார்த்தனைக்கு முன்னால் ஒருத்தி சடையில் ஒட்டிய பஞ்சை இன்னொருத்தி பொறுக்கிக்கொண்டு நிற்போம். மண்ணரையில் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு மூன்று பக்கமும் பனியன் கம்பெனிகள், நான்காவது பக்கம் அந்தக் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் குடியிருந்த 'லைன் வீடுகள்'. தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற 'பிசிறு' வேலை பாதிப் பேர் வீட்டில் நடந்ததால், பஞ்சு ஒட்டாத தலையே அங்கே கிடையாது.

நான் பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம் ஓர் ஆசிரியர் இடம் காலியாகி, இரண்டு பிரிவுப் பெண்களையும் ஒரே தகரக் கொட்டகையில் சேர்த்து அடைத்துவிட்டார்கள். தொண்ணூறு பேருக்கு மேல். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டால் முதல் பீரியடே போய்விடும் என்று எங்கள் வகுப்பாசிரியை சரஸ்வதி டீச்சர் பெஞ்சுக்கு ஒரு லீடரை வைத்தார். லீடர் எழுந்து 'ஃபுல்லுங்க டீச்சர்' என்று சொல்ல வேண்டும், அல்லது யார் வரவில்லையென்று சொல்ல வேண்டும். ஐந்தாம் பெஞ்சுக்கு நான்தான் லீடர், அந்தப் பதவியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. மூன்று நாள் வராத பெண்ணின் வீட்டுக்கு நான்காம் நாள் சாயங்காலம் தன் வண்டியில் போய் வாசலில் நின்றுவிடுவார். "ஏனுங்க, புள்ளைய நீங்களே அனுப்பறீங்களா, இல்ல நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?" என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார், 'ங்க' போடாமல் திட்ட அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை அந்தப் பெண் வகுப்பில் இருப்பாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஜெயராணி. விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவளுக்குக் கணக்கு வராது, ஆனால் வரலாற்றுப் பாடத்தை ஒரு தடவை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்லுவாள். நர்ஸாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கம்பெனிகளில் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் 'ஷிப்மெண்ட்' அவசரம் வந்தது. காண்ட்ராக்டர் லைன் வீடுகளில் கையும் காலும் உள்ள எல்லோரையும் பிசிறு வெட்டக் கூப்பிட்டான். ஜெயராணியின் அம்மா பள்ளிக்கூடக் கேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து நாளுதான் தாயி. டீச்சர்ட்ட சொல்லிராத. அவுக வந்து வாசல்ல சத்தம் போட்டா ஹவுஸ் ஓனர் வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாரு."

பெரியவர் ஒருவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. "நான் பாத்துக்கறனுங்க" என்று பெரிய மனுஷி போலச் சொன்னேன். ஐந்து பேர் இடித்துக்கொண்டு உட்காருகிற பெஞ்சில் நாங்கள் நான்கு பேர் நடுவில் பைகளை வைத்து அகலமாக உட்கார்ந்தோம். நான் எழுந்து, "ஐந்தாம் பெஞ்சு ஃபுல்லுங்க டீச்சர்" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை. தோழிக்கு நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பில் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்து நாள் முடிந்தது. இன்னொரு ஷிப்மெண்ட் வந்தது. நான் தினமும் எழுந்து ஃபுல் சொல்லிக்கொண்டே இருந்தேன். இனி எப்படி நிறுத்துவது என்றும் தெரியவில்லை.

பொதுத்தேர்வுப் பட்டியலில் கையெழுத்து வாங்க, டீச்சர் ஒருநாள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஜெயராணி என்றதும் யாரும் எழவில்லை. டீச்சர் எங்கள் பெஞ்சைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளாச்சு கண்ணு?"

"இருபத்தாறு நாளாச்சுங்க டீச்சர்."

அடிப்பார் என்று கையை நீட்டினேன். அவர் அடிக்கவில்லை. அன்று சாயங்காலமே லைன் வீட்டுக்குப் போனார். அங்கே வேறு குடும்பம் குடிவந்திருந்தது. முந்தின வாரம்தான் காண்ட்ராக்டர் ஜெயராணி வீட்டாரை வேனில் ஏற்றிப் பெருமாநல்லூர்ப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனிக்கு அழைத்துப் போயிருந்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அந்தப் பக்கம் கம்பெனி கம்பெனியாக விசாரித்து அலைந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். ஜெயராணி தேர்வு எழுதவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு லீடர் இல்லை. முதல் பீரியட் முழுக்கப் போனாலும் டீச்சர் பெயர் சொல்லியே கூப்பிட்டார்.

இப்போது அந்தத் தகரக் கொட்டகை இல்லை, மாடிக் கட்டடம் வந்துவிட்டது. லைன் வீடுகளில் இந்தி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வருகைப் பதிவு கைப்பேசியில் ஏறுகிறது. பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போகிறதாம். வாசலில் வந்து நிற்க ஆள் இல்லை. சரஸ்வதி டீச்சர் இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார்.

பள்ளி திறந்த வாரம் என் மகனைச் சேர்க்கப் போனபோது, மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க வந்திருந்த ஜெயராணியைப் பார்த்தேன். கழுத்தில் ஒரு கம்பெனியின் அடையாள அட்டை. என்னைக் கட்டிக்கொண்டாள். டீச்சர் இறந்ததைச் சொன்னதும் கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நாலாம் நாளு எங்க டீச்சர் வருவாகன்னு அம்மாவப் பயமுறுத்திக்கிட்டே இருந்தேன்டி. வேன்ல ஏறும்போதுகூட ரோட்டத்தான் பாத்தேன். மத்தவ வீட்டுக்கெல்லாம் போனாக, எங்க வீட்டுக்கு மட்டும் வரல. இவளுக்கெங்க படிப்பு வரப்போகுதுன்னு விட்டுட்டாக போல."

இருபது வருடமாக அவள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தொண்ணூறு பேருக்கு மேல இருந்தமல்ல ஜெயா, டீச்சர் மறந்திருப்பாங்க" என்றேன்.