கயிறு கட்டிய ஏரி

எங்கள் ஏரிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஏரியின் ஒரு முனையில் வெள்ளைப் பட்டை அடித்த பாறை ஒன்று, மறு முனையில் ஒரு கற்பூர மரம். பாறையிலிருந்து மரம் வரை ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊராட்சி, அந்தப் பக்கம் அடுத்த ஊராட்சி. ஏரியைக் கவனிக்க இரண்டுக்கும் பொதுவாக ஒரு கமிட்டி உண்டு. வருடத்துக்கு ஒருமுறை கரையில் கூடும். ஒரு வருடம் நாங்கள் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வாங்க வேண்டும், மறு வருடம் அவர்கள். யார் வாங்குகிறார்களோ அவர்களே அன்றைக்குத் தலைமை. வர்க்கி தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்துவிடும்.

நான் வார்டு உறுப்பினர் ஆனபோது இந்தக் கமிட்டியைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. எனக்கு வேலை நடக்க வேண்டும். எங்கள் வார்டில் பாதிப் பேர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள். ஏரிக்கரைக் கிணற்றிலிருந்துதான் எங்களுக்குக் குழாய்த் தண்ணீர். ஏரியில் சேறு ஏறி ஏறி, கோடை வந்தால் குழாயில் வருவது காபி நிறத்தில் இருக்கும். அப்போது பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடைக்கு இறங்க வேண்டும். "அடுத்த கோடைக்கு ஒருத்தரும் ஓடைக்கு இறங்க மாட்டீங்க, நான் பாத்துக்கறேன்" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினேன். சொன்னதைச் செய்வேன் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

விடாமல் மனு கொடுத்ததில் தூர் வார எங்கள் ஊராட்சிக்கு நிதி வந்தது. அக்கரைத் தலைவர் செய்தி கேட்டு வந்தார். கேரட் போடுகிற குடும்பத்துப் பெண், என் வயதுதான் இருக்கும்.

"ஏனுங்க, எங்களுக்கும் நிதி வர்றதா சொல்லியிருக்காங்க. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா ஏரி முழுக்க ஒண்ணா வாரிப்போடலாமுங்க" என்றார்.

"வருசா வருசம் வர்க்கி தின்னுட்டுப் பொறுத்தது போதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னதில் எனக்குப் பெருமை வேறு.

எங்கள் பணத்தில் ஒரு கூடைச் சேறுகூட அவர்களுக்கு அள்ளிக் கொடுக்கக் கூடாது என்பது என் வாதம். எல்லை தாண்டிச் செலவு செய்தால் தணிக்கையில் மாட்டுவோம் என்று எங்கள் செயலரும் சொன்னார். ஏரி வற்றி நடுவில் குட்டையாக நின்ற நேரம். பாறையிலிருந்து கற்பூர மரம் வரை நைலான் கயிறு இழுத்துக் கட்டச் சொன்னேன். கண்ணுக்குத் தெரிய அதில் சிவப்புத் துணி முடிந்துவிட்டேன். பொக்லைன் ஓட்ட வந்தவர் கீழே மேட்டுப்பாளையத்துக்காரர். கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துச் சேறு அப்படியே நிக்குமுங்களா?"

"கயித்தத் தாண்டாதீங்க, அவ்வளவுதான்."

வேலை முடியும்வரை குடையோடு கரையில் நின்றேன். எங்கள் பாதி, வெட்டிவைத்த கேக் மாதிரி நேராக இறங்கியிருந்தது. அதன் முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

கோடை மழை இரண்டு நாள் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் கயிறு மட்டும் கட்டின இடத்தில் இருந்தது. அவர்கள் பாதியில் கிடந்த சேறு மொத்தமும் சரிந்து எங்கள் பள்ளத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கிணற்றுக்குள்ளும் போயிருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், சேறு பள்ளத்துக்குத்தான் போகும் என்று. எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வார்டுப் பெண் ஒருத்தி வந்தாள். எஸ்டேட் லைனில் இருப்பவள், எனக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டவள். சண்டை போடவில்லை. குழாய்த் தண்ணீர் பிடித்த பாட்டில் ஒன்றை என் மேஜைமேல் வைத்தாள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மண்.

"இத உங்க ஊட்டுக் கொழந்தைங்களுக்குக் குடுப்பீங்களாக்கா?"

அவள் போன பிறகும் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வருவது குறைவு. அன்று வந்தது.

மறுநாள் ஒரு பை நிறைய வர்க்கி வாங்கிக்கொண்டு அக்கரை ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அந்த வருடம் எங்கள் முறைகூட இல்லை. தலைவர் பையைப் பார்த்தார்.

"கயிறு கொண்டாரலீங்களா?"

கேட்கட்டும் என்று உட்கார்ந்தேன். எங்கள் நிதி தீர்ந்துவிட்டது, அவர்களுக்கு வரப்போகிற நிதியில் ஏரி முழுவதையும் வார வேண்டும் என்று நேராகவே கேட்டேன். அவர் உடனே மறுக்கவில்லை. "கோட்டத் தாண்டிச் செலவு பண்ணணும்னா கிராம சபையில தீர்மானம் போடணுமுங்க. நானா போய்க் கேட்டா என்னைய விடமாட்டாங்க. நீங்களே வந்து சொல்லுங்க" என்றார்.

மே தினக் கிராம சபைக்குப் போனேன். அவர்கள் ஊர் ஆட்கள் முன்னால் எழுந்து நின்று, "கயிறு கட்டச் சொன்னது நான். தப்பு என்னோடது. தண்ணியில்லாம நிக்கறது என் வார்டுப் பொம்பளைங்க" என்றேன். தப்பைச் சொல்வதென்றால் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், முனகக் கூடாது.

பின்வரிசையிலிருந்து ஒரு விவசாயி எழுந்தார். "அம்மணி, அது சேறில்லீங்க. மழையில எங்க கேரட் காட்டுலருந்து போன மேல்மண்ணு. எங்க மண்ண எங்களுக்கே திருப்பிக் குடுத்துருங்க."

சபையே சிரித்தது, நானும்தான். ஆனால் தீர்மானம் அந்தப் பேச்சிலிருந்துதான் பிறந்தது. ஏரி முழுவதும் வாருவது, அள்ளும் மண் அவர்கள் கேரட் காட்டுக்குப் போவது, மறுபடி மண் இறங்காமல் அந்தக் காடுகளுக்கு வரப்பு போடுவது. எங்கள் ஊராட்சியும் அதேபோல் தீர்மானம் போட்டது. கமிட்டியில் நான் ஒரு புதுப் பழக்கம் சேர்த்தேன். அவர்கள் பாதியில் நடக்கும் வேலையை நாங்கள் மேற்பார்க்க வேண்டும், எங்கள் பாதியை அவர்கள். வர்க்கி மட்டும் பழையபடி தொடர்ந்தது.

வேலை தொடங்க அடுத்த பனிக்காலம் முடிய வேண்டியிருந்தது. அதுவரை என் வார்டுப் பெண்கள் ஓடைக்கு இறங்கி ஏறினார்கள். அந்தக் கணக்கு என் பேரில்தான். பொக்லைன் வந்ததும் நான் அக்கரையில் குடையோடு நின்றேன். அக்கரைத் தலைவர் இக்கரையில் நின்றார்.

அந்தக் கோடையில் ஒருத்தரும் ஓடைக்கு இறங்கவில்லை. பழைய பாட்டிலைக் கழுவி எங்கள் குழாயில் நிரப்பினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. அதை எடுத்துப்போய் அக்கரைத் தலைவரின் மேஜைமேல் வைத்தேன், அன்று என் மேஜைமேல் அவள் வைத்த மாதிரியே.

அவர் மூடியைத் திறந்து மடமடவென்று குடித்தார். சரியாகப் பாதியில் நிறுத்தி, பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

"என்ர எல்லை இதோட முடிஞ்சுதுங்க."

மீதியை நான் குடித்தேன்.