தாடைத் தழும்பு

ஆனி மாதம், திங்கட்கிழமை: மறைந்த என் மனைவியின் புகைப்படத்தைத் திருவண்ணாமலையில் ஒரு கண்ணாடிக் கடையில் செதுக்கித் தரக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை: கண்ணாடியில் அவள் முகம் தயாராக இருந்தது. தாடையிலிருந்த தழும்பு இல்லை.

உருவத்தை ஒட்டுத்தாளில் வெட்டி, கண்ணாடிமேல் ஒட்டி, மணலைப் பீய்ச்சிச் செதுக்கியிருந்தார் கடைக்காரர்.

“அழகா இருக்கட்டும்னு தழும்ப எடுத்துட்டேன் சார்.”

“நான் அழகைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டேன்.” கடையே திரும்பிப் பார்த்தது.

“கோச்சுக்காதீங்க சார். செதுக்குனத அழிக்கத்தான் முடியாது, சேர்க்கலாம்.” அவர் வைரமுனைக் கருவியை எடுத்தார். நான் இடத்தை விரலால் காட்டினேன்.

மனைவியின் தங்கையும் என்னுடன் வந்திருந்தாள். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

“வேணாம் மாமா! அத மறைக்கத்தானே அக்கா எல்லா போட்டோலயும் மூஞ்சியத் திருப்பிக்கும்? இந்த ஒண்ணுலதான் மாட்டிக்கிச்சு. அவ்ளோ படிச்சீங்களே, இதுகூடவா தெரியல?”

தெரியவில்லை. அந்தத் தழும்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கருவியைக் கீழே வைக்கச் சொன்னேன்.

இன்னும் செய்யாதவை:
கடைக்காரரிடம் வருத்தம் தெரிவிப்பது.
கண்ணாடியை மாட்டக் கூடத்தில் ஆணி அடிப்பது.
அவள் என்னிடம் சொல்லாத மற்றவற்றை அவள் தங்கையிடம் கேட்பது.