இளையவள் சொன்னது

வத்தலக்குண்டு சந்தையில் தக்காளி விற்கும் செபாஸ்தியம்மாள், பேச்சையே குறைத்துக்கொண்ட இளைய மகள் பிரின்சியைத் திண்டுக்கல்லில் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப்போனாள். மூத்தவள் அனுஷாவைப் பற்றிக் கவலையில்லை. வீடே அதிரச் சிரிக்கிறவள்.

பிரின்சியிடம் தனியாகப் பேசியபின் ஆலோசகர் தாயை உள்ளே அழைத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா," என்றாள் பிரின்சி. "அக்காதான் செத்துரணும்னு சொல்லுது. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு."

செபாஸ்தியம்மாள் இளையவளின் தோளைப் பற்றினாள். "அவளா? காலையிலகூட என்னையக் கேலி பண்ணுனாளே!"

"தனியா விடாதீங்க. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க," என்றார் ஆலோசகர்.

பள்ளிக்கூடத்திலிருந்தே அனுஷாவை அழைத்துவந்தாள். வாராவாரம் சிகிச்சை நடக்கிறது; பிள்ளை மெல்லத் தேறுகிறாள்.

"இம்புட்டு நாளா எனக்குத் தெரியலையே!" தாய்க்குத்தான் அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை.