கதவைத் திறந்து வைத்துப் பூசிய கப்பல்

எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். என் கணவர் அப்படி வந்தபோது கொண்டுவந்தது ஒரு சூட்கேஸும் ஒரு அட்டைப் பெட்டியும். சூட்கேஸில் எனக்காக வாங்கியவை இருந்தன: இரண்டு சேலை, ஒரு கைக்கடிகாரம், ஆறு நகப்பூச்சுக் குப்பிகள், நகம் உரசும் சிறிய அரம். அட்டைப் பெட்டியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உம்மா அதை ரேடியோ என்று முடிவு செய்து பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டார்.

உள்ளே இருந்தது பாதி ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் பொம்மை விண்வெளிக் கப்பல். என் கையால் ஒரு முழ நீளம். கிரகங்களுக்கிடையே சரக்கு ஏற்றுகிற கப்பலாம். அரபு நாட்டில் அவருடன் ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. பெரிய உடல் சாம்பல் நிறத்தில் பூசியாகிவிட்டது. சின்னச் சின்ன உறுப்புகள்தான் மிச்சம்.

நகப்பூச்சைப் பார்த்ததும் உம்மா திரைக்குப் பின்னால் நின்று, நகத்தில் பூச்சிருந்தால் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ எடுக்கும் தண்ணீர் நகத்தில் படாது, தொழுகை கூடாது என்று எனக்குச் சொல்வது போல அவருக்குச் சொன்னார். அவருடைய காது சிவந்துவிட்டது. ஆறு குப்பிகளும் அலுமாரிக்குள் போயின.

அவருக்கு இரண்டு மாத விடுமுறை. அது முடிந்ததும் பழையபடி கப்பல் திருத்தும் துறைக்கே திரும்ப வேண்டும். அதற்குள் இந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைத்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்து, நியமனத்துக்குக் காத்திருந்த காலம் அது. எதையும் இலக்கமிட்டு எழுதிப் பழகியிருந்தேன். வரைபடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவரிடம் கேட்க நான்கு கேள்விகள் எழுதினேன். அங்கே என்ன சாப்பாடு? "சோறு" என்றார். அறையில் எத்தனை பேர்? "நாலு பேர்." இடது முழங்கைக்குக் கீழே சுருங்கிக் கிடக்கும் தோல் எதனால்? "சூடு பட்ட." நான்காவது, திரும்பிப் போக உங்களுக்கு விருப்பமா என்பது. அதற்கும் ஒரு சொல்லில் பதில் வந்துவிடுமோ என்று பயந்து கேட்காமலே வைத்திருந்தேன்.

பேச்சு வராத இடத்தில்தான் கப்பல் வந்தது. ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவர் பெட்டியைத் திறந்து, உறுப்புகள் ஒட்டியபடியே வந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு துண்டை முறித்தார். முறித்த இடத்தில் முளை போல ஒரு பிசிறு நின்றது. வரைபடத்தில் பிழையான மையைச் சுரண்ட நான் வைத்திருந்த பிளேட்டை எடுத்து அதைச் சீவிக் கொடுத்தேன். நகத்துக்கு வந்த அரத்தால் உரசி மட்டமாக்கினேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த துண்டை என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து என் வரைபலகைதான் எங்கள் பட்டறை.

பூச்சு போதவில்லை. பிலிப்பைன்காரர் கொடுத்த டின்களில் ஒன்று காய்ந்து கல்லாகியிருந்தது. அலுமாரியில் ஆறு குப்பிகள் சும்மா கிடப்பதை நான் நினைவுபடுத்தினேன். சிவப்பு விளக்குகளுக்கு, வெள்ளி நிறம் இயந்திரக் குழாய்களுக்கு என்று பட்டியல் போட்டேன். கப்பல் உடலில் தகடுகள் இணையும் கோடுகளுக்கு, அவர் கண்ணுக்கு இடும் சுறுமாப் பொடியைத் தூரிகையால் தூவி, மேலே விரலால் துடைத்தோம். கோடுகள் மட்டும் கறுப்பாக எழுந்தன. அவர் முதன்முதலாகச் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. நான் நகப்பூச்சுக் குப்பியின் மூடியைத் திறந்தால் அவர் எழுந்து போய் அறைக் கதவைத் திறந்துவிடுவார். அது கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று வீசும் காலம். காற்றோடு வரும் தூசி ஈரப்பூச்சில் ஒட்டும். நான் மூடுவேன். சற்று நேரத்தில் ஏதோ சாக்கில் எழுந்து மறுபடியும் திறப்பார். பகலில் கதவை மூடிக்கொண்டு என்னோடு இருப்பதற்குக் கூச்சம் போல என்று நான் எண்ணிக்கொண்டேன். மனதுக்குள் கொஞ்சம் வருத்தம்.

விடுமுறையில் இருபது நாள் மிச்சமிருந்தபோது கடைசி இயந்திரக் குழாயைப் பூசினேன். மெல்லிசாக இரண்டு தரம் பூச வேண்டியது. தூசிக்கு முந்திவிட வேண்டும் என்று கதவை மூடிவிட்டு ஒரே தரமாகத் தடிப்பாகப் பூசினேன். சற்றைக்கெல்லாம் பிளாஸ்டிக் இளகி, ஓரம் பாலாடை மாதிரிச் சுருங்கிவிட்டது. கழிவுத் துண்டொன்றில் தடிப்பாகப் பூசிப் பார்த்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற எனக்கு அது தோன்றவில்லை. கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கெடல்ல" என்றார். "தகடு வெந்தா இப்பிடித்தான் இரிக்கும். தோலும் இப்பிடித்தான்."

பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தார். இம்முறை நான் மூடப் போகவில்லை. கதவடியிலேயே நின்று, வெளியே பார்த்தபடி சொன்னார். துறைக்கு வரும் கப்பலின் அடித் தாங்கிக்குள், மூடிய இரும்புத் தொட்டிக்குள், இறங்கிப் பூச்சடிப்பது அவருடைய வேலை. ஏறி இறங்க ஒரே ஒரு வாய். ஒரு நாள் தகட்டுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ வெல்டிங் வேலை தொடங்க, உள்ளே தேங்கியிருந்த பூச்சு ஆவி பற்றிக்கொண்டது. ஏணியைத் தேடிய கை சுடுதகட்டில் பட்டது. அவர் மேலே வந்துவிட்டார். கை ஆறியதும் அதே தாங்கிக்குள் மறுபடியும் இறக்கினார்கள்.

"அந்தப் பூச்சு மணம் வந்தா எனக்குக் கதவு துறந்திரிக்கணும். வேறொண்டுமில்ல."

கொப்பியைப் பார்க்காமலே நான்காவது கேள்வியைக் கேட்டேன்.

அவர் இடது கையைத் தடவிக்கொண்டு நின்றார். அதுவரை அவர் என்னை எந்தச் சொல்லாலும் அழைத்ததில்லை.

"எனக்குப் போக விருப்பமில்ல புள்ள. ஒங்கட வாப்பாக்கிட்ட இத எந்த முகத்தோட செல்லுற?"

நான் சொல்கிறேன் என்றேன். வாப்பா முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தீ, தாங்கி, கை என்று ஒழுங்காகச் சொன்னேன். திரைக்குப் பின்னால் உம்மா, மாப்பிள்ளை வெளிநாட்டில் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்றே, இனி என்ன சொல்வது என்று முணுமுணுத்தார்.

"ரேடியோ எண்டும் நீதான் செல்லின" என்றார் வாப்பா அந்தப் பக்கம் திரும்பி. பிறகு என்னிடம் கேட்டார். "வட்டை வயலுக்குத் தண்ணி இறைக்கிற எஞ்சின் ரெண்டு மாசமாச் சும்மா கிடக்கு. அவருக்கு அதப் பாக்கத் தெரியுமா?"

தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

"படிக்கட்டும். வயல்ல கதவில்ல."

உம்மா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் என் கணவருக்குத் தேத்தண்ணீர் வந்தது, சீனி கூடப் போட்டு.

சுருங்கிய குழாயை அப்படியே ஒட்டினோம். குழாயின் வாயைச் சுற்றிச் சுறுமாவைப் புகை மாதிரி அவர் தடவினார். எஞ்சிய விளக்குகளையும் ஏரியல் கம்பிகளையும் அடுத்த நாட்களில் முடித்தோம். குப்பியைத் திறப்பதற்கு முன் நானே எழுந்து கதவைத் திறந்து, அடித்துக்கொள்ளாமல் அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்து வைத்தேன். கப்பல் இப்போது அலுமாரிக்கு மேலே இருக்கிறது. கடைசியாகப் பூசிய விளக்குகளைத் தடவினால் சிவப்புக்குள் காற்றோடு வந்த மணல் நறநறக்கும்.