மாஸ்டரை யாரும் தொடக் கூடாது

என் தங்கை விஜயராணிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம். கணக்கு தப்பாகிவிட்டால் அழித்துவிட்டு மறுபடி போட மாட்டாள். எந்த வரியில் தப்பியது என்று கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிட வருவாள். மும்பையில் சுனாபட்டி என்ற பகுதியில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தபோது, பொம்பளைப் பிள்ளைக்கு டைப்பிங் போதும் என்றார்கள். அவள் ஸ்க்ரூடிரைவரோடு வீட்டுக்கு வந்தாள்.

இப்போது நாங்கள் இருவரும் தாராவியில் செல்லத்துரை அண்ணாச்சி கடையில் வேலை செய்கிறோம். ஆபீஸ்களில் கழித்துப் போடும் கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து பள்ளிகளுக்கு விற்கிற கடை. நான் எட்டாவது வரை படித்தவள். தூசி ஊதித் துடைத்து, ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சாமல் மூடுவது என் வேலை. மாஸ்டர் செய்வது விஜயராணியின் வேலை. மாஸ்டர் என்கிற ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் விண்டோஸையும் பள்ளிக்கு வேண்டியதையும் போடுவாள். பிறகு சிஸ்பிரெப் என்ற ஒன்றை ஓட்டி, அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த அடையாளத்தைத் துடைப்பாள். அதைப் படியெடுத்து மற்ற எல்லாவற்றிலும் இறக்குவாள்.

செம்பூர்ப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய வெள்ளிக்கிழமை, சிஸ்பிரெப் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் நின்றது.

"என்ன கட்பட்டு புள்ள, என்ன கோளாறு? சாயங்காலம் டெம்போ வருது" என்றார் அண்ணாச்சி.

"பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி."

"பாக்க என்ன இருக்கு? தொடைக்காம அப்படியே எல்லாத்துலயும் எறக்கிரு. ஸ்கூல்ல எவன் பாக்கப் போறான்?"

"எல்லாத்துக்கும் ஒரே அடையாளம் இருந்தா பின்னால குழப்பம் வரும். நான் எறக்க மாட்டேன்."

"அப்ப மாட்டுங்காவுல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குற ஜெயராம் சாரக் கூப்பிடுதேன். இனிமே அவரு மாஸ்டர் செய்யட்டும். நீ கவுண்டர்ல உக்காந்து போன் எடு."

அவர் போனை எடுத்தார். நான் ஊதுகுழாயைக் கீழே வைத்தேன்.

"ஏட்டி, முடியுமா?"

"முடியுமான்னு கேக்காதக்கா. எங்க தப்புன்னு கேளு."

சிஸ்பிரெப் தான் செய்ததையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்கும். அதைத் திறந்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. ஏதோ ஒரு ஆப் ஒரே ஒரு ஆளுக்காக மட்டும் போடப்பட்டிருக்கிறது, எல்லாருக்கும் பொதுவாக இல்லை, அதனால்தான் மேலே போக முடியவில்லை என்று அந்த வரி சொன்னது. ஆப்பின் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.

"தமிழ் பஞ்சாங்கம். இத நான் போடலியே."

அண்ணாச்சி காதிலிருந்து போனை மெல்ல இறக்கினார்.

"காலைல என் போன் சார்ஜ்ல கெடந்துச்சு புள்ள. நேரம் பாக்காம மாஸ்டரத் தொடலாமா? அதான் அதுலயே எறக்கிப் பாத்தேன்."

"மாஸ்டரத் தொட நேரம் பாக்கதுக்கு மாஸ்டரையே தொட்டீங்களாக்கும்?" என்றேன் நான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

விஜயராணி சிரிக்கவில்லை. பஞ்சாங்கத்தை நீக்கினாள். சிஸ்பிரெப்பைத் திறந்தாள்.

"பொறு பொறு. இப்ப ராகுகாலம். பன்னெண்டுக்கு மேல ஓட்டு."

"அதுக்கப்புறம் ஆரம்பிச்சா டெம்போ வெறுமையாத்தான் போகும்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டா ஜெயராம் சாருக்கு நானே போன் போடுதேன். என் ஸ்டூலயும் குடுத்துடுதேன்."

சொல்லிவிட்டு என்டரை அமுக்கினாள். திரையில் வட்டம் சுற்றியது. முன்னே நின்ற இடத்தைத் தாண்டியும் சுற்றியது. அப்புறம் திரை கறுத்தது. ஃபேன் சத்தமும் நின்றது.

"போச்சு! சொன்னேன்லா!" அண்ணாச்சி மறுபடி போனை எடுத்தார்.

"வையிங்க அண்ணாச்சி. அணையத்தான் செய்யணும். வேலை முடிஞ்சாத்தான் அது தானா அணையும்."

அண்ணாச்சி கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். சாயங்காலம் டெம்போவின் கதவை இரண்டு பேர் சேர்ந்து அழுத்தித்தான் மூட வேண்டியிருந்தது.

மறுநாள் விஜயராணி ஒரு தாளில் எழுதித் தந்தாள். நான்கு மூலையும் தூக்காமல் மாஸ்டரின் மேல் ஒட்டியது நான். 'இதை யாரும் தொடக் கூடாது. முதலாளி உட்பட.'

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது எனக்கா புள்ள?"

"வேற யாருக்கு அண்ணாச்சி?" என்றாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி.