கேட் நோட்டில் ஐந்து இருபது

பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளுக்காக அந்த மனிதரைப் பதினாறு வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் திட்டினேன். டீக்கடையில் திட்டினேன். எதிரே வந்தால் சல்யூட் வைத்துவிட்டு, முதுகைக் காட்டியதும் திட்டினேன். இரண்டு பேரைக் கொன்றவன் இவன்தான் என்று தெரிந்த பிறகும், தினமும் காலையில் அவனுக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டு "வாங்க" என்று சொல்லும்படி என்னை உட்கார வைத்தவர் அவர். அவரிடம் துப்பாக்கி இருந்தது. என்னிடம் ஒரு பேனாவும் ஒரு விசிலும் இருந்தன.

எங்கள் மலை ஊருக்கு அவர் இன்ஸ்பெக்டராக வந்தபோது ஐம்பதைத் தொட்டிருந்தார். சமவெளியில் பிறந்தவர், பள்ளத்தைக் கண்டால் பயம். சாலையில் நடந்தால் பாறைச் சுவரை உரசிக்கொண்டேதான் நடப்பார். காக்கிச் சட்டையின் இடது தோளில் எப்போதும் பாசி அப்பியிருக்கும். ஊர் அவருக்குப் பல்லி என்று பேர் வைத்தது. ஒரு தடவை நானே கேட்டேன், அந்தப் பக்கம் ரோடு சும்மாதானே கிடக்கிறது என்று. "அது ரோடு முடியற பக்கம்யா" என்றார்.

ஆனால் மூளை வேறு மாதிரி. அவர் இருந்த ஒன்பது வருஷத்தில் ஊரில் ஐந்து கொலை. ஐந்துக்கும் ஆளைப் பிடித்தார். லாட்ஜ் அறையில் ஒருவன் செத்துக் கிடந்தபோது, ராத்திரியே செத்துவிட்டான் என்றார்கள். வாளித் தண்ணீரில் பனி ஏடு படியவில்லையே, விடிந்த பிறகு யாரோ பிடித்து வைத்த தண்ணீர் இது என்று அங்கிருந்து ஆரம்பித்தார். எதையும் ஒரு தடவைதான் கேட்பார். பதில் வரும்வரை வெந்நீரை ஊதிக் குடித்துக்கொண்டு நிற்பார். அந்த ஊதல் சத்தத்துக்கே பலர் உண்மையைக் கக்கியிருக்கிறார்கள்.

நான் கக்கவில்லை. அதுதான் கதை.

ஊருக்கு ஏறும் ஒரே சாலையில் இருக்கும் செக்போஸ்ட் கேட் என் பொறுப்பு. வண்டி நம்பர், நேரம், ஏற்றமா இறக்கமா என்று ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டில் எழுத வேண்டும். பனிக்காலத்தில் விடிகாலை விரல்கள் விறகு மாதிரி ஆகிவிடும். தினமும் தவறாமல் வருபவை மூன்று வண்டிகள்: ரொட்டி, பால், தபால். நேரமும் ஏறக்குறைய மாறாது. அதனால் நாலரை மணிக்கே உள்ளறையில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூன்று வரியையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் செய்தார். தப்பு என்று யாருக்கும் உறைக்கவில்லை. ரொட்டி வண்டி, ஐந்து இருபது, ஏற்றம். தினமும் அதே.

அன்றைக்கு ரொட்டி வண்டி வந்தபோது ஆறு மணி தாண்டியிருந்தது. ராத்திரி முழுக்க மழை. எப்போதும் இறங்காத டிரைவர் இறங்கி வந்தான். முழங்கை வரை நனைந்திருந்தான். தினமும் ஒரு பாக்கெட் ரொட்டி கொடுப்பவன் இரண்டு கொடுத்தான்.

"பஞ்சர் அண்ணே. நீங்க நேரம் எழுதியாச்சுல்ல?"

ஆச்சு என்றேன்.

"அப்படியே இருக்கட்டும். லேட்டுன்னு தெரிஞ்சா முதலாளி உயிரை வாங்குவாரு."

இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அன்று ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கேட்டுக்கு ஒரு மைல் கீழே இருக்கும் பம்ப் ஹவுஸில் மோட்டார் ஐந்தரைக்கு ஓடி, பத்தே நிமிஷத்தில் நின்றிருந்தது. மதியம் பம்ப் ஹவுஸ் காவலரை ஏழாவது வளைவுக்குக் கீழே பள்ளத்தில் கண்டுபிடித்தார்கள். மழையில் வழுக்கிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். உடலை மேலே கொண்டு வந்ததும் முதலில் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தார். அந்த வளைவில் சேறு காலைப் பிடித்து இழுக்கும். செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. "இவர் நடந்து வரலை, வண்டியில வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு நேராக என் நோட்டைக் கேட்டு வந்தார்.

நோட்டின்படி, மோட்டார் ஓடுவதற்கு முன்பே ரொட்டி வண்டி கேட்டைத் தாண்டி ஊருக்குள் போய்விட்டது.

"இது நீ பார்த்து எழுதினதா?"

வெந்நீரை ஊதினார். செக்போஸ்டை ஒட்டியே எங்களுக்குக் கொடுத்த வீடு, கதவுக்குப் பின்னால் என் மனைவி நிற்பது தெரிந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், வேலையோடு இந்த வீடும் போகும். பார்த்துதான் எழுதினேன் ஐயா என்றேன். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

பம்ப் ஹவுஸுக்கு எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா மகளோடு இருந்தார். விடிகாலையில் எழுந்து மிஷின் மிதிப்பவர். விளக்கை அணைத்துவிட்டு உயரமான வண்டி ஒன்று அன்று ஐந்தரைக்கு அங்கே நின்றது, ரொட்டி வண்டி மாதிரியே இருந்தது என்று டீக்கடையில் சொன்னார். சிரித்தார்கள். கனவில் வந்த வண்டியில் ரொட்டி சூடாக இருந்ததா என்று ஒருவன் கேட்டான். அந்தம்மா சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. எத்தனை மணிக்கு வந்தான்?"

நோட்டில் இருந்ததைச் சொன்னேன். அப்புறம் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தேன், சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

காவலர் செத்த ஒன்பதாம் நாள் அந்தம்மா தன் வீட்டுப் பின்படிகளுக்குக் கீழே கழுத்து முறிந்து கிடந்தார்.

படியில் வழுக்கிவிட்டார் என்றது ஊர். இன்ஸ்பெக்டர் தையல் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். துணி பாதித் தையலில் ஊசிக்கு அடியில் இருந்தது. யாராவது கூப்பிட்டால் ஒழிய பாதித் தையலில் யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்றார். அன்று சாயங்காலம் சுவரை உரசிக்கொண்டு என்னிடம் வந்தார். நோட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார்.

"மத்த வரியெல்லாம் ஏன்யா ஊறியிருக்கு?"

ஜன்னலில் உட்கார்ந்து எழுதிய எல்லா எழுத்துக்கும், பனி ஈரம் பட்டு, எறும்புக் கால் முளைத்த மாதிரி மை கசிந்திருந்தது. அடுப்புப் பக்கத்தில் எழுதிய மூன்று வரிகள் மட்டும் அச்சடித்த மாதிரி நின்றன. தினமும். மாதக்கணக்காக.

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அறைவார் என்று கன்னத்தைக் கூடக் காட்டிக்கொண்டிருந்தேன். அறையவில்லை.

"நாளைக்கும் இப்படியே எழுது. அவன் வந்தா எப்பவும் போலக் கட்டையைத் தூக்கு. உன் மூஞ்சியில ஒண்ணும் தெரியக்கூடாது."

ஒரு கான்ஸ்டபிளையாவது போடச் சொன்னேன். கான்ஸ்டபிளைப் பார்த்தால் அவன் மலையைத் தாண்டி ஓடிவிடுவான், கையில் இன்னும் ஆதாரம் இல்லை என்றார். உள்ளே என் மனைவி இருக்கிறாள் ஐயா என்றேன். தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பதினொரு நாளும் நான் வாழவில்லை. ஐந்து மணிக்கே ஜன்னலில் போய் நிற்பேன். கீழே வளைவில் எஞ்சின் சத்தம் கேட்டதும் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். மூன்றாம் நாள் அவன் கண்ணாடியை இறக்கி என் விரல்களையே பார்த்தான்.

"கை ஏண்ணே நடுங்குது?"

"குளிரு."

"அண்ணிகிட்ட சொல்லுங்க, பின்பக்கம் துணி காயப் போடறப்போ பார்த்துப் போகணும். அங்க சரிவு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என் வீட்டுப் பின்பக்கத்தை அவன் எப்போது பார்த்தான்? அன்றிலிருந்து துணியை நானே காயப் போட்டேன். அவளை அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னேன். குளிருக்குப் பயந்து அம்மா வீட்டுக்கு ஓடும் வயதா தனக்கு என்று மறுத்துவிட்டாள். அவன் கொடுத்த ரொட்டியைப் பள்ளத்தில் வீசினேன். பார்த்துவிட்டாள். எலி வாய் வைத்துவிட்டது என்றேன்.

"எந்த எலிங்க பாக்கெட்டைப் பிரிக்காம வாய் வைக்குது?"

சிரிப்பு வரவில்லை. கதவுக்குக் குறுக்கே பெஞ்சைப் போட்டு அதன் மேல் படுத்தேன்.

அந்த நாட்களில் இன்ஸ்பெக்டர், அவன் ரொட்டித் தட்டுகளுக்கு அடியில் காட்டு மரம் கடத்துகிறான் என்பதையும், அதை எங்கே இறக்குகிறான் என்பதையும் கண்டுபிடித்திருந்தார். பம்ப் ஹவுஸ் காவலர் பார்த்தது அந்த மரத்தைத்தான். மரத்தை இறக்கிக்கொண்ட கூட்டாளி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

பதினோராம் நாள் கண்ணுக்கு முன்னால் கை தெரியாத பனி. வண்டி வந்து நின்றது. கட்டையைத் தூக்கப் போனேன். "தூக்காதே" என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. டிரைவர் கதவு பள்ளத்துப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் கால் வைக்க ஒரு முழம் மண்தான் உண்டு. பல்லி அதில் நின்றுகொண்டிருந்தார். கால்சட்டை நடுங்குவது எனக்கே தெரிந்தது. கதவைத் திறந்து, சாவியைப் பிடுங்கி, "இறங்கு" என்றார். மற்ற போலீஸ்காரர்கள் பாறைப் பக்கமிருந்து ஓடி வந்தார்கள். அவன் அவரைப் பார்க்கவே இல்லை. கூட்டிப் போகும்வரை என்னையே பார்த்தான்.

கோர்ட்டில் என் நோட்டு வரவில்லை. மரத்தை வைத்தும் கூட்டாளியின் வாக்குமூலத்தை வைத்தும் கேஸை முடித்தார். என் வேலை தப்பியது. அதற்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, பதினொரு நாளைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் ஊர் ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருப்பதாகச் சொன்னார்கள். நுரையீரல். ஓய்வு பெற்ற பிறகும் கீழே போகாமல் இங்கேயே இருந்துவிட்டார். மனைவி விரட்டித்தான் போனேன். போன வேகத்தில் கேட்டுவிட்டேன், என்னையும் அவளையும் ஏன் அப்படி விட்டுவைத்தீர்கள் என்று.

"வேற வழி தெரியலைய்யா. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

நெடுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மா என்கிட்டயும் வந்து சொன்னாங்க, வண்டியைப் பார்த்தேன்னு. நான் அவங்களை நம்பலை. உன் நோட்டை நம்பினேன். போன வருஷம் அவங்க பொண்ணுகிட்ட போய் அதைச் சொல்லிட்டேன். நோட்டுல ஏன் அப்படி இருந்துச்சுன்னு அவ கேட்டா. எழுதினவன் வந்து சொல்லுவான்னு சொல்லியிருக்கேன். அவ இன்னும் அதே ரூம்லதான் தைக்கிறா. போய்ச் சொல்லு."